புள்ளி நின்றால் படகு நின்றதாக அர்த்தமில்லை

2025 நவம்பரில் ஒரு புதன்கிழமை. அதிகாலை ஐந்து மணிக்கு செல்போன் அடித்தது. பேசியவர் என் பள்ளித் தோழனின் அப்பா. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"தம்பி, புள்ளி நகரவே மாட்டேங்குது. முந்தாநாள் ராத்திரி பத்து மணியிலேருந்து ஒரே இடத்துல நிக்குது. உங்க அத்தை தூங்கவே இல்லப்பா."

புள்ளி என்று அவர் சொன்னது ஒரு பாய்மரப் படகை. அது இருந்தது மெக்சிகோ கடலில். அவர் இருந்தது திண்டுக்கல்லில், வாங்கி இரண்டு மாதமே ஆன கம்ப்யூட்டர் முன்னால். அந்தப் படகில் அவருடைய மகன், மருமகள், அவர்களோடு வேலை பார்க்கும் இன்னொரு தம்பதி, படகோட்டி ஒருவர் என ஐந்து பேர் இருந்தார்கள். கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் தோழன் ஒன்பது நாள் விடுமுறையில் படகை வாடகைக்கு எடுத்து, லா பாஸ் துறைமுகத்திலிருந்து வடக்கே லொரேட்டோ ஊர் வரை போய்த் திரும்பத் திட்டமிட்டிருந்தான்.

அத்தைக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை நம் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "கடல் பக்கத்துல இல்லாத நம்ம ஊருக்கே அந்தக் காத்து வந்துச்சு. கடலுக்கு நடுவுல போயி இருப்பாங்களா?" என்பது அவர் கேள்வி. பயம் போகட்டும் என்று, படகை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். அப்போது ஒரு தவறும் செய்தேன். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கற்றுக்கொடுத்ததைப் பார்ப்போம்.

எண்ணைக் கொடுத்தால் இடம் வரும்

கடலில் தெருப் பெயரோ கதவு எண்ணோ கிடையாது. இருப்பது இரண்டு எண்கள்தான். ஒன்று அட்சரேகை, மற்றது தீர்க்கரேகை. பள்ளிக்கூடத்தில் படித்தவைதான்.

உங்கள் கம்ப்யூட்டரில் 'கூகுள் எர்த் ப்ரோ' மென்பொருளை டவுன்லோடு செய்து நிறுவிக்கொள்ளுங்கள். முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த இது 2015 முதல் இலவசம். திறந்ததும் இடது பக்கம் மேலே தேடும் பெட்டி இருக்கும். அதில் 10.36, 77.97 என்று டைப் செய்து என்டர் கீயைத் தட்டுங்கள். உருண்டை சுழன்று, நம் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

முதல் எண் அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. பூமத்தியரேகைக்குத் தெற்கே என்றால் முதல் எண்ணுக்கு முன் மைனஸ் குறி போட வேண்டும். கிரீன்விச்சுக்கு மேற்கே என்றால் இரண்டாவது எண்ணுக்கு முன். லா பாஸ் துறைமுகம் இருப்பது 24.14, -110.31 என்ற இடத்தில். மாமா முதல் தடவை மைனஸை விட்டுவிட்டார். அத்தை எட்டிப் பார்த்தபோது திரையில் சீனாவின் மலைகள் நின்றன! அந்த ஒரு சின்னக் கோடு இல்லாவிட்டால் பாதி உலகம் தள்ளிப் போய்விடுவோம்.

தாரிணியோடு ஒரு பயிற்சி

மகன் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, முடிந்துபோன ஒரு பயணத்தை வைத்துப் பழகினோம். டிவியில் அத்தை பார்த்திருந்த பயணம்தான். இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்ற 56 அடி பாய்மரப் படகில், புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும், இரண்டே பேராக உலகைச் சுற்றி வந்தார்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி, 2025 மே 29 அன்று கோவாவுக்கே திரும்பினார்கள். தூரம் 25,000 நாட்டிக்கல் மைலுக்கும் மேல். ஒரு நாட்டிக்கல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

இந்த எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, மேலே உள்ள மஞ்சள் ஊசிப் படத்தைக் கிளிக் செய்து குறி வையுங்கள்.

கோவா, மர்மகோவா: 15.41, 73.80
ஃப்ரீமேன்டில், ஆஸ்திரேலியா: -32.05, 115.74
லிட்டெல்டன், நியூசிலாந்து: -43.60, 172.72
நெமோ முனை: -48.877, -123.393
போர்ட் ஸ்டான்லி, ஃபாக்லாந்து: -51.70, -57.85
கேப் டவுன், தென்னாப்பிரிக்கா: -33.91, 18.43

அடுத்து 'ரூலர்' படத்தைக் கிளிக் செய்து, அளவை நாட்டிக்கல் மைலுக்கு மாற்றி, கோவா ஊசியிலிருந்து ஃப்ரீமேன்டில் ஊசி வரை ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டை நெருங்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை. திண்டுக்கல்லுக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, வேடசந்தூருக்கும் நமக்கும் நடுவே அது ஓடுகிறது! "அப்ப தாரிணி நம்ம ஊர் வழியாவா போச்சு?" என்று அத்தை சிரித்துவிட்டார். கம்ப்யூட்டர் போடுவது குறுக்குவழி. படகு போக வேண்டியது தண்ணீர் வழி, காற்று வழி. ஆகவே ரூலர் காட்டும் தூரத்தைவிடப் படகு ஓடும் தூரம் எப்போதும் கூடுதல்தான்.

நெமோ முனையில் ஊரோ தீவோ கிடையாது. பூமியிலேயே கரையிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கடல் புள்ளி அது. எந்தப் பக்கம் போனாலும் நிலத்துக்குக் குறைந்தது 2,688 கிலோமீட்டர். இதை யாரும் படகில் போய்க் கண்டுபிடிக்கவில்லை. 1992-ல் ஹர்வோயே லுகாடெலா என்ற சர்வே என்ஜினீயர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். தாரிணி அந்த இடத்தை 2025 ஜனவரி 30 அன்று கடந்தது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையம் மேலே வரும் நேரத்தில், அங்கே இருப்பவர்களுக்கு மிகப் பக்கத்து மனிதர்கள் அதில் உள்ள விண்வெளி வீரர்கள்தான். அத்தை இதைக் கேட்டு வெகுநேரம் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பொம்பளைப் பிள்ளைக அங்கேயே போயிட்டு வந்துட்டாளுக" என்றார். மகனின் பயணத்துக்கு அன்றுதான் அரை மனதோடு சம்மதித்தார்.

நான் செய்த தவறு

மகன் கிளம்பியதும், கப்பல்களைக் காட்டும் ஒரு இலவச இணையதளத்தில் அவன் படகைத் தேடிக் காட்டினேன். "படகு எங்கே இருக்கோ அங்கே இந்தப் புள்ளி இருக்கும்" என்று சொன்னேன். அது தப்பு. "படகு கடைசியாக எங்கே கேட்கப்பட்டதோ அங்கே இந்தப் புள்ளி இருக்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் ஜி.பி.எஸ். கருவி நம் இருப்பிடத்தை வானத்துக்கு அனுப்புகிறது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. 20,000 கிலோமீட்டருக்கும் அதிக உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. கருவி அதைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ரேடியோ பெட்டி பாட்டுக் கேட்பது போலத்தான். அது யாரிடமும் பேசாது.

பேசுவதற்குப் படகில் ஏ.ஐ.எஸ். என்ற தனிக் கருவி இருக்கிறது. படகின் பெயர், எண், இருப்பிடம், வேகம் ஆகியவற்றை வி.எச்.எஃப். ரேடியோவில் அது சொல்லிக்கொண்டே இருக்கும். வெளிநாடு போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயம். சின்னப் படகுகளில் உள்ளது 2 வாட் சக்தி கொண்ட எளிய வகை. இந்த அலைகள் நேர்கோட்டில்தான் போகும். நடுவில் மலை வந்தால் நின்றுவிடும். கரையில் உள்ள ஒரு ஆன்டெனா அதைக் கேட்டு இன்டர்நெட்டில் ஏற்றினால்தான் நம் திரையில் புள்ளி நகரும். ஆன்டெனா இல்லாத கரை என்றால் பழைய புள்ளி அப்படியே நிற்கும்.

இதை நான் முன்பே சொல்லியிருந்தால், அந்த அம்மா இரண்டு இரவு விழித்திருக்க வேண்டியதில்லை.

விசாரணை

அன்று காலை ஐந்தரைக்கு மாமா வீட்டுக்குப் போனேன். காபி ஆறிப்போய் கீபோர்டு பக்கத்தில் இருந்தது. மூன்று விஷயங்களை வரிசையாகப் பார்த்தோம்.

முதலில் நேரம். புள்ளியைக் கிளிக் செய்தால் எப்போது கிடைத்த தகவல் என்று காட்டும். இந்த நேரம் பல தளங்களில் யு.டி.சி.யில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். லா பாஸ் நேரம் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி பின்னால். திங்கள் இரவு பத்து மணிக்குப் புள்ளி நின்றது என்றால், படகில் அப்போது திங்கள் காலை ஒன்பதரை. நல்ல வெளிச்சம். அப்போது வேகம் 6 நாட், போன திசை வடமேற்கு. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டாவது இடம். கடைசிப் புள்ளியின் எண்களை கூகுள் எர்த்தில் கொடுத்து, போன திசையில் ரூலர் வைத்தோம். சுமார் 18 நாட்டிக்கல் மைலில் அகுவா வெர்டே என்ற சின்ன வளைகுடா இருந்தது. 6 நாட் வேகத்தில் மூன்று மணி நேரப் பயணம். மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்திப் பிடித்துக் காட்சியைச் சாய்த்தால் சுற்றிலும் மலை, சிறுமலை அடிவாரம் போல. மகன் அனுப்பிய பயணத் திட்டத்திலும் திங்கள் இரவுத் தங்கல் அங்கேதான்.

மூன்றாவது காற்று. 'விண்டி டாட் காம்' தளத்தில் அதே இடத்தைத் திறந்தோம். திங்கள் மாலையிலிருந்து வடக்குக் காற்று 25 நாட். அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர். குளிர்காலத்தில் அந்தக் கடலில் இரண்டு மூன்று நாள் இப்படி அடிப்பது வழக்கம். வடக்கே போக வேண்டிய படகு எதிர்காற்றில் கிளம்பாது. மலை மறைவில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும்.

"அப்ப மலைக்குப் பின்னால நிக்கிறாங்க. அதான் சத்தம் வெளிய வரல" என்றார் மாமா. ஆனாலும் இது ஊகம்தானே? வாடகைக்கு விட்ட அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினோம். அங்கே அலுவலகம் திறக்கும்போது நமக்கு இரவு. பத்தே காலுக்குப் பதில் வந்தது. காற்று தணியும் வரை அந்த வளைகுடாவிலேயே இருப்பதாகப் படகோட்டி முன்பே சொல்லியிருக்கிறார், ஆபத்துச் சமிக்ஞை எதுவும் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஆபத்து என்றால் வேறு வழி

இந்த 'ஆபத்துச் சமிக்ஞை' என்ன என்று அத்தை கேட்டார். படகுகளில் அதற்கென்றே ஈபெர்ப் என்ற கருவி உண்டு. 406 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் கேட்டு மீட்பு மையங்களுக்குச் சொல்லும். கரை ஆன்டெனா தேவையில்லை, மலையும் பெரிய தடையில்லை.

2018-ல் உலகைச் சுற்றும் தனிநபர் போட்டியில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி கலந்துகொண்டார். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகில் பலத்த அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். அவர் எங்கே என்பது செயற்கைக்கோள் வழியாகத் தெரிந்ததால், விமானங்கள் படகைக் கண்டுபிடித்தன. செப்டம்பர் 24 அன்று ஓசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அடுத்த போட்டியில் கலந்துகொண்டு 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். நம் மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

ஆக, இணையதளத்தில் புள்ளி நிற்பது ஆபத்துச் செய்தி அல்ல. ஆபத்துச் செய்திக்கு வேறு பாதை இருக்கிறது.

கிளம்பும் முன் கேட்டு வாங்குங்கள்

உங்கள் வீட்டிலும் யாராவது படகிலோ கப்பலிலோ போகிறார்கள் என்றால், இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

1. படகின் பெயர், ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண். ஒரே பெயரில் பல படகுகள் இருக்கும், எண் ஒன்றுதான்.
2. ஒவ்வொரு இரவும் தங்கும் இடம், அதன் அட்சரேகை, தீர்க்கரேகை.
3. செல்போன் சிக்னல் இல்லாத நாட்கள் எவை என்பது.
4. ஏ.ஐ.எஸ். மட்டுமா, செயற்கைக்கோள் வழி இடம் சொல்லும் கருவியும் உண்டா என்பது.
5. படகு அலுவலகத்தின் தொலைபேசி எண், மின்னஞ்சல். எத்தனை மணி நேரம் தகவல் இல்லையென்றால் கூப்பிடலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் வியாழன் இரவு எட்டரை மணிக்கு, ஏறக்குறைய 70 மணி நேரத்துக்குப் பிறகு, புள்ளி நகர்ந்தது. கூப்பிட்டது மாமா இல்லை, அத்தை. "தம்பி, கிளம்பிட்டாங்க!" என்றார். நான் போய்ச் சேர்ந்து சிறிது நேரத்தில் மகனின் அழைப்பும் வந்தது. "அம்மா, பயந்துட்டீங்களா? என்ன ஆச்சுன்னா..." என்று அவன் விளக்க ஆரம்பித்தான்.

"தெரியும்டா. வடக்குக் காத்து. அந்த மலைக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்தீங்க" என்றார் அத்தை. "இப்ப காத்து 9 நாட்தான். சாப்பிட்டீங்களா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.