லண்டன் வளவில் வாழை: எந்த மூலையில் நடுவது?

லண்டனில் குடியேறிய எங்கள் ஆட்கள் பலரின் பின்வளவில் ஒரு வாழை நிற்கும். சிலருடையது ஆண்டுதோறும் தளிர்க்கிறது. வேறு சிலருடையது முதல் குளிர்காலத்திலேயே அழுகிவிடுகிறது. நகரம் ஒன்று, குளிரும் ஒன்று. வித்தியாசம் பெரும்பாலும் நட்ட இடத்தில்தான் இருக்கிறது.

நீர்வேலியில் வாழை நடுபவர் தண்ணீரையும் காற்றையும் பார்ப்பார். சுவர் எந்தத் திசையில் என்று யோசிக்கமாட்டார். அங்கே சூரியன் உச்சிக்குக் கிட்டவாகப் போகிறது. லண்டனில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே நிற்கும். அதனால் தெற்குப் பார்த்த செங்கல் சுவர் பகலில் வெயிலை வாங்கி, இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடும். 14 பாகை செல்சியசுக்குக் கீழே வாழையின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 0 பாகையில் இலை கருகும். அந்த எல்லையில் ஓரிரு பாகைச் சூடும் பெரிய உதவி.

ஊரில் கிணற்றடித் தண்ணீர் ஓடும் பள்ளத்தில் வாழை வைத்து வளர்த்தோம். அந்தப் பழக்கம் லண்டனில் காலை வாரிவிடும். குளிர்ந்த காற்று பாரமானது. தண்ணீர் போலச் சரிவில் இறங்கி, அடைத்த வேலியடியில் தேங்கும். உறைபனி அங்கேதான் கடுமையாகப் பிடிக்கும். குளிர்காலத்தில் மழைநீரும் நின்றால் கிழங்கு அழுகும். எனவே சற்று மேடான, நீர் வடியும், காற்று மறைவான இடமே நல்லது.

இனமும் முக்கியம். கதலியையும் இதரையையும் பெரிய சாடியில் வைத்து, உறைபனிக்கு முன் வீட்டுக்குள் எடுப்பதே பாதுகாப்பு. நிலத்தில் நட, தென்சீனாவைச் சேர்ந்த ‘மூசா பஸ்ஜூ’ என்ற இனம் பொருத்தம். மேலே நன்றாக மூடினால் அதன் கிழங்கு சுமார் மைனஸ் 10 பாகை வரை தாங்கும். ஆனால் அதன் காய் சாப்பிட உதவாது.

குலைக்கான குருத்து தண்டின் உள்ளேயே மேலேறி வருகிறது. தண்டு செத்தால் கிழங்கிலிருந்து குட்டி வரும். ஆனால் வளர்ச்சி மறுபடி அடியிலிருந்துதான். லண்டனின் சூடான காலம் ஐந்தாறு மாதம் மட்டுமே, குலைக்கு அது போதாது. ஆகவே முதல் உறைபனியோடு இலைகளை வெட்டி, தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டி, காய்ந்த வைக்கோலை நிரப்பி, மேலே மழை படாமல் மூடவேண்டும்.

குட்டி வாங்கமுன் ஒரு குளிர்காலம் உங்கள் வளவைக் கவனியுங்கள். காலையில் புல் வெளுத்துக் கிடக்கும் இடத்தை விடுங்கள். வெளுக்காத மூலையில் நடுங்கள்.