320 பெரியதா, 256 பெரியதா?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. உங்கள் அக்காவோ சித்தப்பாவோ வாங்கிய அந்த லேப்டாப் இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கலாம். முதலில் கொடுத்தவற்றில் ரேம் 2 ஜிபி, ஹார்டு டிஸ்க் 320 ஜிபி. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி. சேமிப்பிடமோ 256 ஜிபிதான். இத்தனை ஆண்டு கழித்து வந்ததில் இடம் எப்படிக் குறைந்தது?

பழைய லேப்டாப்புக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் முள்ளுக்கு அடியில் வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டால் நொடியில் 180-இல் ஒரு பங்கு. புதிய லேப்டாப்பின் எஸ்எஸ்டி-யில் சுழல எதுவுமே இல்லை. சிலிக்கான் சில்லுக்குள் மின்னூட்டமாகத் தகவல் இருக்கிறது. நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் எடுத்துவிடலாம். விண்டோஸ் ஒருமுறை திறக்கவே ஆயிரக்கணக்கான தடவை இப்படித் தேட வேண்டும். அதனால் எனக்கு 320-ஐவிட 256 பெரியது!

வாங்கிய பிறகு அந்த 256-ஐ விண்டோஸ் 238 என்று காட்டும். பயப்பட வேண்டாம். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 1,024-ஆக எண்ணுகிறது. 256-க்குப் பின்னால் ஒன்பது பூஜ்யம் போட்டு, 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

ரேம் வேறு விஷயம். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங்கைப் பார்த்திருப்பீர்களே? கம்பி மத்தாப்பு, சக்கரம், புஸ்வாணம் எல்லாம் மேசையில் பரப்பி இருந்தால் கை வேகமாக ஓடும். மேசை சின்னதென்றால் ஒவ்வொன்றுக்கும் குடோனுக்கு ஓட வேண்டும். மேசைதான் ரேம், குடோன்தான் எஸ்எஸ்டி. இன்று 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன். 8 இருக்கட்டும், பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா என்றும் கடையில் கேளுங்கள். சிலவற்றில் ரேமைப் போர்டோடு பற்றவைத்திருப்பார்கள்.

இனி திரை. அதற்குச் சிவகாசிக்காரர்கள் எளிதாகச் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. நல்ல சிவப்பு உள்ள பட்டாசு லேபிள் ஒன்றை எடுங்கள். அச்சகத்தில் வைத்திருக்கும் சின்ன லென்ஸால் பார்த்தால் அந்தச் சிவப்பு, பெரும்பாலும் மெஜந்தா புள்ளிமேல் மஞ்சள் புள்ளி விழுந்து உண்டானது என்று தெரியும். அதே லென்ஸைத் திரையில் வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று மூன்று கோடுகள். பின்னால் ஒரு வெள்ளை விளக்கு, முன்னால் வண்ண வடிகட்டி. வடிகட்டி அடர்த்தியாக இருந்தால் நிறம் சுத்தமாக வரும், ஆனால் வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதற்குப் பிரகாசமான விளக்கு வேண்டும், செலவு கூடும். மலிவு லேப்டாப்பில் வடிகட்டி மெல்லியது. வேண்டாத ஒளியும் கசிந்து வருவதால் சிவப்பு வெளுத்து, ஆரஞ்சுப் பக்கம் சாயும். விவரத்தாளில் '45% என்டிஎஸ்சி' என்று போட்டிருந்தால் அந்த ரகம்தான்.

லேபிளின் போட்டோவைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையில் திறந்து, கையிலிருக்கும் லேபிளோடு ஒப்பிடுங்கள். நேராக, பக்கவாட்டில், மேலிருந்து என மூன்று கோணத்திலும் பாருங்கள். டேலி பழகப்போகும் அண்ணனுக்கு அந்த வெளுத்த சிவப்பால் நஷ்டம் இல்லை. காலண்டர் டிசைன் செய்யப்போகும் அக்காவுக்கு அதே லேப்டாப், அதே விலையில், வீண் செலவு.

கடையின் ஏசியில் 24 டிகிரி, சித்திரை மாதத்தில் நம் வீட்டில் 38. இந்த 14 டிகிரியை மறக்காதீர்கள். பிராசஸரைக் குளிர்விப்பது அறையின் காற்றுதான். காற்றே சூடாக இருந்தால் சூடு மெதுவாகத்தான் வெளியேறும். 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு நிமிட வேகத்தை நம்பாமல், கனமான வேலை ஒன்றைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மெத்தையில் வைத்தால் அடியிலுள்ள காற்றுத் துளை அடைபடும், இன்னும் மோசம். லித்தியம் பேட்டரியும் வெக்கையில் சீக்கிரம் மூப்படையும்.

பேட்டரிக்குக் கணக்கு எளிது. 42 வாட்-மணி பேட்டரி, லேப்டாப் 7 வாட் இழுத்தால் 6 மணி நேரம். வெளிச்சத்தைக் கூட்டினால் 7 என்பது 10 ஆகலாம். அப்போது எவ்வளவு நேரம் வரும்?

பில் போடுவதற்கு முன்னால் அப்பாவைக் கடைக்காரரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் சிவகாசியிலா, விருதுநகரிலா, மதுரையிலா? பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் லேப்டாப் விலையில் சேரும்.