ஏழு கோடியில் ஒன்று

சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர்களில் எண்ணைப் போல் குறுக்கு விசாரணைக்குத் தப்பிவிடும் சாட்சி வேறில்லை. மனிதன் சாட்சி சொன்னால், "நீர் அப்பொழுது எங்கே நின்றீர்? எவ்வளவு தூரத்தில் நின்றீர்?" என்று துருவுகிறோம். எண் வந்து நின்றாலோ வக்கீல்களும் நீதிபதிகளும் பத்திரிகைக்காரர்களும் ஒருங்கே வாய் மூடிவிடுகிறோம். பள்ளிக்கூடத்திலேயே கணிதத்திற்குக் கும்பிடு போட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போனவர்களில் நாமும் ஒருவராகையால், இப்பழியில் நமக்குள்ள பங்கை மறுப்பதற்கில்லை. இந்த மௌனத்தினால் விளையக்கூடிய அநியாயத்திற்கு இங்கிலாந்தில் நடந்த வழக்கொன்று உதாரணமாகும்.

ஸாலி கிளார்க் என்னும் மாது அந்நாட்டில் வக்கீல் தொழில் புரிந்தவர். அவருடைய முதற் குழந்தை 1996 டிசம்பரிலும், இரண்டாவது குழந்தை 1998 ஜனவரியிலும், பிறந்து மூன்று மாதங்கூட நிரம்புமுன் இறந்தன. இரண்டையும் தாயே கொன்றாள் என்று வழக்குத் தொடரப்பட்டது. வைத்திய நிபுணர்கள் இரு தரப்பிலும் நின்று ஒருவரையொருவர் மறுத்தனர். அச்சமயத்தில் ஸர் ராய் மெடோ என்ற பெயர் பெற்ற குழந்தை வைத்தியர் ஓர் எண்ணைக் கூறினார். புகை பிடிப்போர் இல்லாத, வருவாயுள்ள, தாய் மிக இளவயதினள் அல்லாத குடும்பத்தில், காரணம் புலப்படாமல் குழந்தை உறக்கத்தில் இறப்பது 8,543-ல் ஒன்று. இரு குழந்தைகள் அவ்வாறு இறப்பதற்கு அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். ஆகவே ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று. பிரிட்டனில் நூறாண்டுக்கு ஒரு தடவை நேரலாம் என்றார். 1999 நவம்பரில் ஜூரர்களில் பத்துப் பேர் குற்றவாளி என்றனர், இருவர் உடன்படவில்லை. அம்மாது ஆயுள் தண்டனை பெற்றுச் சிறை சென்றார்.

அந்த எண்ணில் இரண்டு பிழைகள் இருந்தன. முதலாவது, பெருக்கியதே தவறு. ஒரு தெருவில் ஒரு கூரை வீடு பற்றிக்கொண்டால் பக்கத்துக் கூரைக்கும் ஆபத்து அதிகம் என்பதை எவரும் அறிவர். இரண்டு தீக்களையும் சம்பந்தமற்றவையாகக் கருதி எவனாவது பெருக்கல் போடுவானா? ஒரே தாய் தந்தையர், ஒரே ரத்தம், ஒரே வீடு, ஒரே காற்று. முதற் குழந்தையைக் கொண்டுபோன காரணம் இரண்டாவதையும் தொடக்கூடும்.

இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. நம் வக்கீல் நண்பர்கள் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறோம். ஒரு சம்பவம் தற்செயலாக நேர்வது அபூர்வம் என்பது வேறு. நேர்ந்தபின் அது தற்செயலாக நேர்ந்திருப்பது அபூர்வம் என்பது வேறு. லாட்டரியில் பரிசு விழுவது பல லட்சத்தில் ஒன்றுதான். அதற்காகப் பரிசு பெற்றவனையெல்லாம் மோசக்காரன் என்று பிடித்துக் கட்டுகிறோமா? தாயொருத்தி தன் இரு கைக்குழந்தைகளையும் கொல்வதுங்கூட மிக மிக அபூர்வமே. இரண்டு அபூர்வங்களில் எது அதிக அபூர்வம் என்பதன்றோ கேள்வி? அதைக் கேட்காமல் ஒரு தட்டில் மட்டும் படிக்கல்லைப் போட்டுத் தராசு சாய்ந்தது என்றார்கள். பிற்பாடு ரே ஹில் என்ற கணித நிபுணர் இரண்டு தட்டுகளையும் நிறுத்துப் பார்த்தார். இரட்டைக் கொலையைக் காட்டிலும் இரட்டை இயற்கை மரணமே பல மடங்கு சாத்தியம் என்பது அவர் கண்ட முடிவு.

2000-ம் ஆண்டு அப்பீலில் எண்ணின் குறை எடுத்துரைக்கப்பட்டது. நீதிபதிகளோ அதை வழக்கின் ஓரத்து விஷயமாகக் கருதித் தள்ளிவிட்டனர். ஓரத்து விஷயமாம்! 7 கோடி என்ற சொல் காதில் விழுந்த பின்னர் ஜூரர்களின் நெஞ்சில் வேறெது நின்றிருக்கும்? 2001 அக்டோபரில்தான் பிரிட்டனின் ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டி, அவ்வெண்ணுக்குப் புள்ளி விவர சாஸ்திரத்தில் ஆதாரமில்லை என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. 2003 ஜனவரியில் இரண்டாவது அப்பீலில் அம்மாது விடுதலையானார். இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமிகள் காணப்பட்ட பரிசோதனை முடிவு எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கப்படாமற் போனதே தீர்ப்புக்கு முக்கிய காரணம்; எண்ணின் பிழை ஒன்றே போதிய காரணமாகியிருக்கும் என்பதையும் நீதிபதிகள் குறிப்பிட்டனர். மூன்றாண்டுச் சிறை வாசத்திலிருந்து அவர் மீளவேயில்லை எனலாம். 2007-ல் காலமானார்.

எண்ணைச் சொன்னவர் பொய்யர் அல்லர். தம் துறையில் மேதை. தமக்குத் தெரியாத துறையில் கால் வைத்ததும், அங்கே அவரைத் தடுக்க ஒருவரும் இல்லாததுமே தீங்காய் முடிந்தன. தவறான எண்ணைச் சொல்ல ஒரு மூச்சுப் போதும். அதைத் திருத்த இரண்டு பத்தி வேண்டியிருப்பதை வாசகர்கள் இப்பொழுதுதான் பார்த்தார்கள்.

பத்திரிகைகளின் யோக்கியதையும் இவ்விஷயத்தில் மெச்சத் தக்கதன்று. 1995 அக்டோபரில் அதே நாட்டில், புதுவகைக் கர்ப்பத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் அபாயம் இரு மடங்காகிறது என்று அதிகாரிகள் எச்சரித்தார்கள். "நூறு சதவிகிதம் அதிகம்" என்ற செய்தி வீடுதோறும் கிலியை உண்டாக்கிற்று. ஆராய்ச்சி கண்டதென்ன? பழைய மாத்திரை உண்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு நேர்ந்தது, புதிய மாத்திரை உண்ட 7,000 பேரில் இருவருக்கு நேர்ந்தது. அவ்வளவே. பயந்து மாத்திரையை நிறுத்திய பலர் கருவுற்றனர். மறு வருஷம் கருக்கலைப்புகள் சுமார் 13,000 அதிகமாயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பமோ அம்மாத்திரையைவிட ரத்த உறைவு அபாயம் அதிகமுள்ளது! "7,000 பேரில் ஒருவர், 7,000 பேரில் இருவர்" என்று எழுதியிருந்தால் சந்தைக்குப் போகும் கிழவிக்கும் விளங்கியிருக்கும். சதவிகிதம் என்பதை லாப நஷ்டக் கணக்காக மட்டும் நம் பள்ளிகள் கற்பிப்பதால், எதன்மேல் சதவிகிதம் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவில்லை.

வழக்குகளில் புள்ளி விவரங்களை எங்ஙனம் எடுத்துரைப்பது என்பதற்கு மேற்கூறிய சங்கம் 2010 முதல் நீதிபதிகளுக்கும் வக்கீல்களுக்கும் கையேடுகள் வெளியிட்டது. நம் நாட்டில் ஜூரி முறை போய்விட்டது. எண்ணின் பொறுப்பு முழுவதும் இப்போது நீதிபதியின் தலையில்தான். அத்தகைய கையேடு நல்ல தமிழில் ஒவ்வொரு ஜில்லா கோர்ட்டு வக்கீலின் மேஜைமேலும் கிடக்கக் காண விரும்புகிறோம்.

நம் காரியாலயத்தில் ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். "இரு மடங்கு", "ஐம்பது சதவிகிதம்" என்று வரும் செய்தியின் ஓரத்தில் "எத்தனை பேரில்?" என்றெழுதி உதவியாசிரியரிடம் திருப்பி அனுப்புகிறோம். சில செய்திகள் திருந்தி வருகின்றன. பல, திரும்பி வருவதேயில்லை.