பத்திரத்தில் எழுதாத சொத்து

ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு நடுவே, கிராமத்தின் சின்னச் சின்ன சந்தோஷங்கள்

காலை ஐந்தரை மணிக்கெல்லாம் ஒரகடம் கூட்டுச்சாலையில் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கிவிடும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் தலை சீவிக்கொண்டே ஓடி வந்து ஏறுவார்கள். அதே நேரத்தில், மெயின்ரோட்டை விட்டுக் கொஞ்ச தூரம் உள்ளே போனால் மாட்டுக் கொட்டகையில் பால் கறக்கும் சத்தம் கேட்கும். ஏரிக்கரையில் ஒருவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மதகுப் படியில் தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே ஊர்தான். பல வீடுகளில் இரண்டும் ஒரே குடும்பம்தான். அப்பா ஏரிக்கரையில், மகன் பஸ்ஸில்.

இந்தப் பகுதி மாறிய வேகம் எல்லோருக்கும் தெரியும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-ல் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை, 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பார்த்துப் பழகிய ஊர்களில் இப்போது ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டு பார்க்கிறார்கள்.

நிலம் கொடுத்தவர்கள் அந்தப் பணத்தில் மாடி வீடு கட்டினார்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளையை இன்ஜினீயரிங் படிக்க வைத்தார்கள். அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஏரிக்காற்று வந்து காப்பாற்றாது. ஆனாலும் டீக்கடை பெஞ்சில் அந்தக் கேள்வி அடிக்கடி வந்து உட்காருகிறது: 'நிலத்தை வித்தவன் நிம்மதியா இருக்கானா, வச்சிருக்கிறவன் நிம்மதியா இருக்கானா?'

இந்தப் பேச்சு சென்ட் விலையில் ஆரம்பிக்கும். ஆனால் அங்கேயே நிற்காது. கொஞ்ச நேரத்தில் நுங்கு, ஏரி மீன், புது அரிசிச் சோறு என்று வேறு பக்கம் போய்விடும். அந்த வேறு பக்கத்தில்தான் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

கணக்கில் வராத வரவு

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்பது பழமொழி. உழவு, நாற்று, நடவு, களை, உரம், அறுவடை மிஷின் வாடகை என்று ஒவ்வொன்றாக எழுதி, கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டுக் கைக்கு வந்த தொகையைக் கீழே எழுதினால், இன்றும் பலருக்கு அதே கதைதான். அப்படியிருந்தும் அடுத்த பட்டத்துக்கு விதை நெல்லை ஊற வைக்கிறார்கள். நோட்டில் எழுத முடியாத வரவு ஒன்று இருப்பதும் அதற்குக் காரணம்.

நட்ட பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டிய அன்று, வேலை எதுவும் இல்லாவிட்டாலும் வரப்பில் போய் நிற்பது. மடையை மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும் தண்ணீர் சலசலவென்று வயலுக்குள் பாய்வதைப் பார்ப்பது. மதியம் கிணற்று மேட்டில், வேப்பமர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து, மோர் ஊற்றிய பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமோ சுட்ட கருவாடோ கடித்துக்கொள்வது. பசு கன்று போட்டால் சீம்பாலைக் காய்ச்சி அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் கொடுத்து அனுப்புவது. புது நெல்லை அரைத்து வந்த அன்று உலையிலிருந்து கிளம்பும் வாசனை. புது அரிசிச் சோறு குழையத்தான் செய்யும். அன்றைக்கு மட்டும் அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. கடையில் வாங்கவும் முடியாது. காலண்டர் மாதிரி, ஒன்று முடிந்தால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும் என்பதுதான் இவற்றின் விசேஷம்.

மாதத்துக்கு ஒன்று

தை மாதம் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிப்பார்கள். பனங்கிழங்கை வேக வைத்து, நாரைக் கிழித்துத் தின்னும் காலமும் அதுதான். மாசி, பங்குனியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கொடுக்காப்புளி மரத்தடியில் தொரட்டியோடு நிற்பார்கள். சித்திரை, வைகாசியில் நுங்கு. சீவிய காயில் கட்டைவிரலை விட்டு உறிஞ்சிவிட்டு, கோம்பையைத் தூக்கிப் போடாமல் இரண்டை ஒரு குச்சியில் கோத்தால் நுங்கு வண்டி தயார். அதற்கு பெட்ரோல் வேண்டாம்.

கோடையில் ஏரித் தண்ணீர் குட்டையாகச் சுருங்கும்போது விராலும் குரவையும் கெளுத்தியும் கிடைக்கும். அன்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் மீன் குழம்பு வாசனைதான். திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் பாரதம் படித்து, விடிய விடியக் கூத்து நடத்துவார்கள். கடைசி நாள் படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைப்பார்கள். இரவு ஷிப்டு முடிந்து வருகிற பையன்கூட வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கேதான் வருவான்.

ஆடியில் அம்மனுக்குக் கேழ்வரகுக் கூழ். அண்டாவிலிருந்து மொண்டு சொம்பில் ஊற்றும்போது வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அன்றைக்கு ஊரே கிளம்பிப் போய்ப் பார்க்கும். நிலம் இருக்கிறவரும் போவார், இல்லாதவரும் போவார், நிலத்தை விற்றவரும் போவார். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணியைப் பிடித்து வைத்து, அதில் ஒரு பூசணிப்பூ.

யார் பெயரிலும் இல்லாதது

மேலே சொன்னவற்றை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். சொந்தப் பட்டா நிலத்திலிருந்து வருவது எத்தனை? பாதிகூட இருக்காது. நுங்கு பெரும்பாலும் ஏரிக்கரைப் பனையில் காய்த்தது. மீன் ஏரியில் வளர்ந்தது. பால் கொடுத்த மாடு மேய்க்கால் புறம்போக்கில் மேய்ந்தது. நெல் காய்ந்தது ஊர்க் களத்தில். துரியோதனன் படுத்தது ஊர் மந்தைவெளியில்.

அதனால்தான் இந்தச் சந்தோஷங்களில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவருக்கும் பங்கு இருந்தது. இரண்டு ஆடு வைத்திருப்பவர் புறம்போக்கில் ஓட்டிக்கொண்டு போய் மேய்த்துவிடலாம். பனை ஏறத் தெரிந்தவருக்கு நான்கு மாதம் வருமானம். கரை ஓரத்துக் கீரையைப் பறித்தால் ஒரு வேளைக் குழம்பு.

பட்டா நிலத்தை விற்றவருக்குப் பத்திரம் இருந்தது, விலை கிடைத்தது. ஆனால் மந்தைவெளி சுருங்கியபோது அங்கே மாடு மேய்த்தவர் எடுத்துக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. நுங்குக்குச் சர்வே நம்பர் கிடையாது. எவர் பெயரிலும் இல்லாத சொத்து போனால், போனது என்று எழுதிக்கொள்ளக்கூட ஆள் இருக்காது. வயலை வைத்திருக்கிறவருக்கும் இதில் நஷ்டம்தான். மேய்க்க இடமில்லை என்றால் மாட்டை விற்க வேண்டியதுதான். மாடு போனால் எரு போச்சு. வரத்துக் கால்வாயில் கழிவு கலந்தால் ஏரி கெட்டது. ஏரி கெட்டால் நவரை நெல்லும் இல்லை, விராலும் இல்லை.

இது அந்த ஊர்களோடு முடிகிற விஷயமும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகிறது. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு கொண்ட அந்த ஏரி சென்னைக்குக் குடிநீர். கிராமத்துக் கால்வாயில் விழும் குப்பைக்கும் நகரத்துக் குழாய்க்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

தொழிற்சாலை வேலையும் நிரந்தரம் என்று சொல்வதற்கில்லை. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அப்படி ஒரு நாள் வந்தால், வீட்டில் இரண்டு மாடும் மேய்க்க இடமும் இருப்பவருக்கும் வாடகை வீட்டில் வெறும் கையோடு நிற்பவருக்கும் வித்தியாசம் உண்டு. சின்னச் சந்தோஷம் என்று சொல்லும் அதே பசுமாடுதான் அப்போது ஊன்றுகோலாகவும் நிற்கும்.

காப்பாற்றியவர்கள் உண்டு

பொதுச் சொத்தைக் காப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதை அவை சொல்கின்றன. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால் ஏரியைப் பார்த்துக்கொள்வது பொறுப்பான ஆட்கள் செய்ய வேண்டிய ஊர் வேலை என்பதில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே சந்தேகம் இருக்கவில்லை.

மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் இன்னொரு உதாரணம். சுமார் 74 ஏக்கர் ஏரி. அங்கே கூடு கட்டும் நாரைகளின் எச்சம் தண்ணீரில் கலந்து, பாசனத்தோடு வயலுக்கு உரமாகப் போகிறது. பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்து அந்த ஊர் விவசாயிகள் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு ஒரு நாள் சந்தோஷம் குறைகிறது. வருடம் முழுக்கக் காலையில் பறவைச் சத்தம் கேட்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு கட்டுபடியாகிறது.

இப்போது செய்யக்கூடியவை

முதலில், ஊரில் எது எது பொது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏரி, குளம், வரத்துக் கால்வாய், மேய்க்கால், களம், மந்தைவெளி ஆகியவற்றின் சர்வே எண்ணும் பரப்பும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதி வைத்த ஊரில் ஆக்கிரமிப்பு சத்தமில்லாமல் நடக்க முடியாது.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் ஏரி, கால்வாய் பற்றிப் பேச ஏற்ற நாள். கோரிக்கையைத் தீர்மானமாக எழுத வைத்து நகல் வாங்குங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கிராமப் பொது நிலங்களை மீட்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. மனுவில் இந்த இரண்டையும் குறிப்பிடலாம்.

பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வந்த முதல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். இருக்கிற பனையை எண்ணி வையுங்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பழத்தின் கொட்டைகளை மழைக்கு முன் கரையின் வெளிப்புறம் புதையுங்கள். காய்க்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அந்த நுங்கு இன்று பால்வாடிக்குப் போகும் பிள்ளைக்கு.

நிலத்தை முழுவதும் விற்றுவிட்டவர்களும் சோர்ந்துபோக வேண்டாம். வீட்டைச் சுற்றி மூன்று சென்ட் இருந்தால் போதும். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் இரண்டு வாழை, தெருப்பக்கம் ஒரு முருங்கை, கிணற்றடியில் கறிவேப்பிலை, ஒரு பாத்தி சிறுகீரை. ஷிப்டு முடிந்து வரும் மகனிடம், 'கண்ணு, நாலு கொத்து கீரை பறிச்சிட்டு வா' என்று ஒரு வேலை கொடுங்கள். எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் நின்றவனுக்கு அது இன்னொரு வேலையாகத் தெரியாது.

இந்த வருடம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வரத்துக் கால்வாய் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்றும் நடந்தே காட்டுங்கள். உங்கள் ஊரில் இன்னும் மிச்சமிருக்கும் இப்படிப்பட்ட சந்தோஷம் எது, அதைக் காப்பாற்ற என்ன தடை இருக்கிறது என்பதைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். பக்கத்து ஊர்க்காரருக்கும் அது உதவும்.