புல் வெட்டும் எந்திரமா? பெட்ரோல் ஊற்றும்போது உஷார்!

புல் வெட்ட எந்திரம் வந்துவிட்டது. தென்னந்தோப்பு, சாலை ஓரம், விளையாட்டு மைதானம் எங்கும் அதன் சத்தம் கேட்கிறது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூலிக்குப் புல் வெட்டிப் பிழைப்போர் பலர்.

எந்திரத்தின் பெட்ரோல் தொட்டி அவர்கள் உடலை ஒட்டியே இருக்கிறது. ஆகவே, எதை ஊற்றுவது, எப்படி ஊற்றுவது என்பது உயிர்ப் பிரச்சினை.

முதல் எந்திரம்

புல் வெட்டும் எந்திரத்தை 1830-ம் ஆண்டு கண்டுபிடித்தவர், எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர். அதைக் கையால் தள்ளினால் போதும். பெட்ரோல் எந்திரம் 1902-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. கூடவே தீ ஆபத்தும் வந்தது.

எதை ஊற்றுவது?

தோளில் மாட்டும் எந்திரம் 2 வகை.

ஒன்று, "2 ஸ்ட்ரோக்". இதற்குப் பெட்ரோலுடன் "2டி ஆயில்" கலக்கவேண்டும். எந்திரத்தோடு தரும் புத்தகத்தில் "50-க்கு 1" என்று இருந்தால், 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். "25-க்கு 1" என்றால் 40 மில்லி. ஆயில் கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். எந்திரம் பாழ்! கூலியும் போய்விடும்.

மற்றொன்று, "4 ஸ்ட்ரோக்". இதில் ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. பெட்ரோலுடன் கலக்கக்கூடாது.

உட்கார்ந்து ஓட்டும் பெரிய எந்திரங்களில் பல, டீசலில் ஓடுகின்றன. அவற்றில் பெட்ரோலை ஊற்றிவிடாதீர்கள்.

இன்று நம் நாட்டுப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் என்ற எரிசாராயம் கலந்திருக்கிறது. அது காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால், எரிசாராயமும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஆயில் மேலே நின்றுவிடும். ஆகவே, தேவையான அளவு மட்டும் கலந்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். டப்பாவை இறுக மூடி வையுங்கள்.

ஊர்ந்து வரும் ஆவி

பெட்ரோலில் முதலில் தீப்பிடிப்பது அதன் ஆவிதான். அது கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனம். தரையோடு ஊர்ந்து போகும். பள்ளத்தில் தங்கும். சற்றுத் தள்ளி ஒருவர் பீடி பற்ற வைத்தால் போதும். "குபீர்" என்று தீப்பிடித்து, அது தொட்டி வரை ஓடி வரும்!

எப்படி ஊற்றுவது?

"நேரம் போனால் கூலி போச்சு" என்று சிலர், சூடான எந்திரத்திலேயே பெட்ரோல் ஊற்றுகிறார்கள். புகைக்குழாயின் சூட்டில் சில சொட்டு சிந்தினாலும் ஆபத்து.

எந்திரத்தை நிறுத்துங்கள். கீழே இறக்கி வையுங்கள். 10 நிமிடமாவது ஆறவிடுங்கள். அதற்குள் நீங்களும் தண்ணீர் குடித்து இளைப்பாறலாம்.

பிறகு, புனல் வைத்து ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பாதீர்கள். சிந்தியதைத் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் ஊற்றிய இடத்தில் இருந்து 10 அடி தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

வீட்டில் கவனம்

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்காதீர்கள். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

தீப்பிடித்தால்...

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீரில் மிதந்து, தீயைப் பரப்பும். மணலைக் கொட்டுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள். தீ அணைந்ததும், புண்ணில் 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். மை, மாவு எதையும் தடவாதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலைக்குப் போகிறார்களா? இன்றே அவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.