நடுவில் ஒரு கம்பளி

வெளியே அடைமழை. வழியோர விடுதியின் ஒற்றை அறையில் இரண்டு கட்டில்கள். நடுவே கயிறு கட்டி, அதில் ஒரு கம்பளியைத் தொங்கவிடுகிறான் பீட்டர். அந்தப் பக்கம் எல்லி. அப்பா கோடீஸ்வரர். அவருடைய சொகுசுப் படகிலிருந்து கடலில் குதித்துத் தப்பி, மியாமியில் நியூயார்க் பஸ் ஏறியவள். பீட்டர், வேலை பறிபோன நிருபர். பஸ்ஸில்தான் அறிமுகம்.

மறுநாள் காலை அவளைத் தேடித் துப்பறிவாளர்கள் கதவைத் தட்டுகிறார்கள். ஓட வழியில்லை. உடனே இருவரும் புருஷன் பெண்டாட்டியாகச் சண்டை பிடிக்கத் தொடங்குகிறார்கள். பிளம்பர் மகள்தானே நீ என்று அந்தக் கோடீஸ்வரர் மகளை ஏசுகிறான் அவன். அவள் ஓவென்று அழுகிறாள். பழகிப்போன தாம்பத்தியம் என்று நம்பி, வந்தவர்கள் போய்விடுகிறார்கள். பிறகு இருவரும் சிரிக்கும் சிரிப்பைப் பாருங்கள். காதல் அங்கேதான் பற்றிக்கொள்கிறது. சேர்ந்து ஒரு சண்டையை இத்தனை அழகாகப் போட முடிந்தவர்கள் இனி எப்படிப் பிரிவார்கள்?

1934இல் ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படக் காட்சி இது. கதாநாயகி கிளாடெட் கோல்பெர்ட்டுக்கு இதில் நடிக்கவே விருப்பமில்லை. 50,000 டாலர் சம்பளம், நான்கு வாரத்தில் வேலை முடிய வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான் வந்தார். கிளார்க் கேபிளை எம்ஜிஎம் நிறுவனம் கொலம்பியாவுக்கு இரவல் கொடுத்திருந்தது. அரைமனதாகத் தொடங்கிய அந்தப் படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து ஆஸ்கர்களை அள்ளியது. விருது இரவில் ரயிலேறப்போன கோல்பெர்ட்டை நிலையத்திலிருந்து அழைத்துவந்தார்கள்.

இந்த வகைப் படங்களுக்கு 'ஸ்க்ரூபால் காமெடி' என்று பெயர். பேஸ்பாலில் எதிர்பாராத பக்கம் திரும்பும் ஒரு வகைப் பந்துவீச்சு, ஸ்க்ரூபால். அமெரிக்காவில் 1933இல் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. திரையில் பணக்காரர்கள் தடுமாறி விழுவதைப் பார்ப்பதில் அந்த மக்களுக்கு ஓர் ஆறுதல் இருந்திருக்கும். 'மை மேன் காட்ஃப்ரே' (1936) நியூயார்க்கின் குப்பைமேட்டில் தொடங்குகிறது. பணக்காரர்களின் விளையாட்டுப் போட்டியில் கொண்டுபோய்க் காட்ட, அங்கே வசிக்கும் ஒரு மனிதனைத் தேடி வருகிறார்கள். என்ன துணிச்சலான ஆரம்பம்! அவனும் பிறப்பால் செல்வந்தனே என்று பின்னால் தெரியும்போது எனக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது.

1934 ஜூலையிலிருந்து ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இறுகின. படுக்கையறை, முத்தம், உடை எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. தொட முடியாதவர்கள் பேசினார்கள். காட்ட முடியாத நெருக்கமெல்லாம் வசனத்தில் ஏறிக்கொண்டது. ஊடலே காதலின் முழுநேர மொழியானது.

அந்தப் பேச்சின் உச்சம் ஹோவர்ட் ஹாக்ஸின் 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940). மூலமான 'தி ஃப்ரன்ட் பேஜ்' நாடகத்தில் நிருபர் ஹில்டி ஜான்சன் ஓர் ஆண். ஹாக்ஸ் அவரைப் பெண்ணாக்கினார். அதுவும் பத்திரிகை ஆசிரியரின் விவாகரத்தான மனைவியாக. ரோசலிண்ட் ரஸ்ஸலும் கேரி கிராண்டும் ஒருவர் வாக்கியம் முடியுமுன் மற்றவர் பாய்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்குப் பாதி வசனம் பிடிபடவில்லை. ஆனாலும் ஒன்று புரிந்தது: ஹில்டி மணக்கவிருக்கும் புரூஸ் நல்லவன், பாவம், இந்த வேகத்துக்கு அவனால் ஈடுகொடுக்க முடியாது. வில்லனே தேவைப்படாமல் ஒரு முக்கோணக் காதல் தீர்ந்துவிடுகிறது.

நான் இந்தப் படங்களை நேசிப்பது அவற்றின் பெண்களுக்காக. 'பிரிங்கிங் அப் பேபி'யில் (1938) ஒரு சிறுத்தையோடு வந்து, எலும்புக்கூடு ஆராயும் பேராசிரியரின் வாழ்க்கையைக் குப்புறக் கவிழ்க்கிறார் கேத்தரின் ஹெப்பர்ன். கதையை ஓட்டிச்செல்வது அவர்தான். பேராசிரியராக வரும் கேரி கிராண்ட் பின்னால் ஓடுகிறார். வெளியானபோது அந்தப் படம் தோற்றது. இன்று அதைப் பார்க்கும் எவருக்கும் அது நம்ப முடியாத செய்தி.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1956இல் ராஜ் கபூரும் நர்கிஸும் நடித்த 'சோரி சோரி', 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தின் இந்தி மறுஆக்கம். அதைத் தயாரித்தது சென்னையின் ஏவிஎம்.

காப்ராவின் படத்தில் அந்தக் கம்பளிக்கு பீட்டர் வைத்த பெயர், எரிக்கோ கோட்டைச் சுவர். பைபிளில் எக்காளம் ஊதியதும் இடிந்து விழுந்த சுவர் அது. கடைசிக் காட்சியில் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. ஆனால் நாம் அவர்களைப் பார்ப்பதில்லை. விடுதிக்காரரும் மனைவியும் வெளியே நின்று, இவர்களுக்கு எதற்குக் கயிறும் கம்பளியும் என்று குழம்புகிறார்கள். உள்ளேயிருந்து ஒரு பொம்மை ஊதலின் சத்தம். கம்பளி தரையில் விழுகிறது. விளக்கு அணைகிறது.