முன்பாரம், பின்பாரம்: ஒரு டிரெய்லர் ஓடும் விதம்

வியாசர்பாடி எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் மூலக்கடை பக்கம் போய்வருகிறவர்கள் அன்றாடம் பார்க்கும் காட்சி இது. நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஓட்டுநரோ முதலில் வண்டியை வலப்பக்கம் ஒதுக்குகிறார். இடப்புறம் பெரிதாக ஓர் இடைவெளி திறக்கிறது. பின்னால் பைக்கில் வருகிறவர், நமக்குத்தான் வழிவிடுகிறார் என்று நினைத்து உள்ளே நுழைந்துவிடுகிறார். அடுத்த சில நொடிகளில் டிரெய்லரின் பின்சக்கரங்கள் கடக்கப்போகும் இடம் அது. வடசென்னைச் சாலைகளில் இதைவிட ஆபத்தான தவறான புரிதல் வேறில்லை என்பது என் எண்ணம். இந்த வண்டி எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அந்த இடைவெளிக்குள் யாரும் போகமாட்டார்கள்.

இழுக்கப்படும் வண்டி, இழுக்கும் வண்டியின் தடத்தை அப்படியே பின்பற்றுவதில்லை. வளைவின் உட்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். இழுக்கும் முன்வண்டியின் முன்சக்கரங்கள் 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடுவதாகக் கொள்வோம். அவற்றுக்கும் அதே முன்வண்டியின் பின்சக்கரங்களுக்கும் இடையே மூன்றரை மீட்டர். டிரெய்லர் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து டிரெய்லரின் சக்கரத் தொகுதி வரை 8 மீட்டர். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றமே போதும்: 12-இன் வர்க்கத்திலிருந்து 3.5-இன் வர்க்கத்தையும் 8-இன் வர்க்கத்தையும் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 8.2 வருகிறது. முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் போகும்போது கடைசிச் சக்கரம் 8.2 மீட்டர் ஆரத்தில் வருகிறது. வித்தியாசம் 3.8 மீட்டர். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு தடத்தின் அகலமே 3.5 மீட்டர்தான். கால் வட்டம் மட்டும் திரும்பும் தெருமுனையில் விலகல் இந்த முழு அளவை எட்டாது. எட்டுகிற அளவே ஒரு பைக்கையும் அதில் இருப்பவரையும் விழுங்கப் போதுமானது.

நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முன்வண்டி இடப்பக்கம் மடங்கியதும் அவருடைய இடக்கண்ணாடி முழுவதையும் கன்டெய்னரின் சுவர் அடைத்துக்கொள்ளும். டிரெய்லரின் பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் அதில் தெரியமாட்டார். அதனால் டிரெய்லர் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அதன் இண்டிகேட்டரைத்தான் நம்ப வேண்டும். அது திரும்பி முடிக்கும்வரை பின்னாலேயே நிற்க வேண்டும். அரை நிமிடம்கூட ஆகாது.

இனி வண்டியைப் பார்ப்போம். கன்டெய்னர் லாரி என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு வண்டிகள். இன்ஜினும் ஓட்டுநர் அறையும் கொண்ட முன்வண்டி ஒன்று. முன்பக்கம் சக்கரமே இல்லாத டிரெய்லர் மற்றொன்று. டிரெய்லரின் முன்பகுதி அடியில் கிங் பின் என்னும் எஃகு முளை துருத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதன் குறுக்களவு இரண்டே அங்குலம். முன்வண்டியின் முதுகில் கிரீஸ் பூசிய வட்டத் தட்டு இருக்கும். ஃபிஃப்த் வீல் என்பார்கள். முன்வண்டி பின்னோக்கி வந்து தட்டை டிரெய்லருக்கு அடியில் நுழைக்கும்போது, தட்டின் நடுவிலுள்ள தாடைகள் முளையைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். முப்பது டன் சரக்கை இழுக்கும் விசை முழுவதும் அந்த இரண்டு அங்குல முளை வழியாகத்தான் போகிறது. பூட்டு விழுந்ததா என்று ஓட்டுநரோ கிளீனரோ குனிந்து கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது.

இந்த அமைப்புக்கு ஒரு சின்னக் காரும் வழிகாட்டியிருக்கிறது. 1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஃபிரெடெரிக் சிப்லி என்ற மரவியாபாரிக்குத் தன் படகை ஏரிக்கரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவரிடம் இருந்தது ஃபோர்டு மாடல் டி கார். அதன் இன்ஜின் திறன் சுமார் 20 குதிரைத்திறன். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். ஃப்ரூஹாஃப், காரின் பின்பாகத்தில் மாட்டி இழுக்கும்படி இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். படகு போய்ச் சேர்ந்தது. பிறகு அதே முறையில் மரம் ஏற்றவும் வண்டி செய்யச் சொன்னார் சிப்லி. ஃப்ரூஹாஃப் பட்டறை வளர்ந்து உலகின் பெரிய டிரெய்லர் நிறுவனங்களில் ஒன்றானது. நம் எண்ணூரிலும் ஒரு கார்க் கதை உண்டு. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் பூட்டி விற்றது ஆஸ்டின் கார்களை. பிறகு லாரிகளின் பக்கம் திரும்பி, 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆனது.

சின்னக் காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லரை மாட்டுவது ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரணம். தோட்டக் குப்பை, கட்டில், சைக்கிள், படகு எல்லாம் அதில் போகும். ஐரோப்பாவில் சொந்தப் பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் இதைப் பார்ப்பது அரிது. ஆனால் கன்டெய்னர் டிரெய்லரின் அருமை புரிய இந்தச் சின்ன வண்டியின் தொல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தொல்லை பாரம் அடுக்குவதில் தொடங்குகிறது; இரட்டை மாட்டுப் பாரவண்டி ஓட்டியவர்களுக்கு இது கைவந்த பாடம். மூட்டைகளை அச்சுக்குப் பின்னால் அதிகம் அடுக்கினால் பின்பாரம்: நுகத்தடி மேலே தூக்கி, மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்னால் அதிகமானால் கழுத்தையே அழுத்தும். கொஞ்சம் முன்பாரம் நிற்கும்படி அடுக்கிவிட்டால் மாடு சுகமாக நடக்கும். கார் டிரெய்லருக்கும் இதே விதி. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கி மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்காவில் புழங்கும் கணக்கு. பின்பாரமானால் கொக்கி காரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். காரின் பின்சக்கரங்களுக்குத் தரையில் பிடி குறையும்.

அதைவிட மோசமானது ஆட்டம். காரின் கொக்கி பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. டிரெய்லர் ஒரு பக்கம் அசைந்தால், அந்த நீட்டம் நெம்புகோலாகி காரின் வாலை மறுபக்கம் தள்ளும். கார் திரும்பியதும் டிரெய்லர் எதிர்ப்பக்கம் வீசும். குறைந்த வேகத்தில் இந்த ஆட்டம் தானே அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரிதாகி, இரண்டும் சேர்ந்து கவிழ்ந்துவிடலாம். ஸ்டியரிங்கை ஒடித்துச் சரிசெய்யப் பார்த்தால் ஆட்டம் கூடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருப்பதே வழி.

ஃபிஃப்த் வீல் இந்தச் சிக்கலை அடியோடு குறைத்துவிட்டது. முன்வண்டியில் அந்தத் தட்டு பின்சக்கரங்களுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்தள்ளி இருக்கிறது. பின்னால் நீட்டம் இல்லை. அதனால் வாலைத் தள்ள நெம்புகோலும் இல்லை. டிரெய்லரின் முன்பாரம் அத்தனையும் இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் மேல் இறங்குவதால், மூலக்கடை மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் அந்தச் சக்கரங்களுக்குத் தரையில் நல்ல பிடி கிடைக்கிறது. இழுக்க வேண்டிய பாரமே இழுக்கும் பிடியைத் தருகிறது. எந்திரங்களில் இவ்வளவு சிக்கனமான அறிவைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை உண்டாகிறது.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சு 10.2 டன் தாங்கலாம் என்று இருந்த இந்திய வரம்பு 2018-இல் 11.5 டன்னாக உயர்ந்தது. இருபதடிக் கன்டெய்னர் ஒன்றின் வெற்று எடை இரண்டேகால் டன்னுக்குப் பக்கம். நிறைந்தால் 30 டன்னைத் தொடலாம். அப்படிப்பட்ட ஒன்றை நாற்பதடி டிரெய்லரின் முன்கோடியில் வைத்தால் முன்வண்டியின் அச்சு திணறும். பின்கோடியில் வைத்தால் முன்வண்டிக்குப் பிடி போய்விடும். நடுவில் வைப்பதற்கென்று டிரெய்லர்களில் தனிப் பூட்டுகள் இருப்பது அதனால்தான்.

கன்டெய்னரே சக்கரம் கழற்றிய டிரெய்லர்தான். அமெரிக்க லாரி முதலாளி மால்கம் மக்லீன், சரக்கை இறக்கி ஏற்றுவதற்குப் பதில் லாரிப் பெட்டியையே கப்பலில் தூக்கி வைக்க முடிவெடுத்தார். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பெட்டியின் மூலைகளைக் கவ்விப் பிடிக்கும் ட்விஸ்ட் லாக் பூட்டை வடிவமைத்தவர் அவருடைய பொறியாளர் கீத் டான்ட்லிங்கர். கூம்பு வடிவ எஃகுத் தலை பெட்டியின் மூலை ஓட்டைக்குள் நுழையும். கைப்பிடியைக் கால் வட்டம் திருப்பினால் தலை குறுக்காகி மாட்டிக்கொள்ளும். அந்தக் காப்புரிமையை மக்லீன் உலகத் தர நிர்ணய அமைப்புக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையால்தான் எந்த நாட்டுப் பெட்டியும் எந்த டிரெய்லரிலும் உட்காருகிறது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்று தனி முனையம் 1983-இல் வந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மணலி எல்லாம் இந்தப் பெட்டிகளின் வழித்தடங்கள் ஆயின.

கால் வட்டம் திருப்ப மறந்த பூட்டு எவ்வளவு ஆபத்து என்பது வளைவில் தெரியும்: பெட்டி தனியே கழன்று விழலாம். பூட்டியிருந்தாலும் வளைவு ஆபத்துதான். நிறைந்த கன்டெய்னரின் எடைமையம் உயரத்தில் இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையிலான அகலமோ குறைவு. புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான பக்கவிசை வந்தாலே இத்தகைய வண்டி சாயத் தொடங்கலாம். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம்தான். டிரெய்லர் சாயத் தொடங்குவது ஓட்டுநர் அறையில் எளிதில் உறைக்காது. முதலில் எழும்புவது டிரெய்லரின் பின்சக்கரம். அவருக்குத் தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

பிரேக் காற்றில் இயங்குகிறது. முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்கு இரண்டு காற்றுக் குழாய்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று டிரெய்லரின் தொட்டிக்குக் காற்றை நிரப்பி வைக்கிறது; மற்றது ஓட்டுநரின் கால் அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. முதல் குழாய் அறுந்தால் டிரெய்லர் பிரேக் தானாகவே இறுகும். காற்று போனால் வண்டி நிற்க வேண்டும் என்ற இந்த யோசனையை 1872-இலேயே ரயிலுக்காகக் கண்டவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். ஆனால் பின்கோடிச் சக்கரம் வரை காற்று போய்ச்சேரச் சற்று நேரம் பிடிக்கிறது. மழை ஈரத்தில் திடீரென்று ஒருவர் குறுக்கே வந்து, ஓட்டுநர் பிரேக்கை ஓங்கி மிதித்தால் முன்வண்டியின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். பின்னால் இருக்கும் முப்பது டன் அப்போது இழுபடாது, தள்ளும். முன்வண்டி மடங்கி டிரெய்லரோடு மோதும். முன்னால் குறுக்கே பாய்கிறவர் தன் உயிரோடு ஓட்டுநரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசலுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்று, அடிக்கு அடி கிளட்ச் மிதித்து நகர்ந்தவர்கள் இந்த ஓட்டுநர்கள். அந்தக் களைப்போடுதான் அவர்கள் குறுகிய முனைகளில் திரும்புகிறார்கள். துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை சுமார் 20 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். வேலை நின்றுபோய், இரட்டை அடுக்குத் திட்டமாக மாறி, 2022-இல் மீண்டும் அடிக்கல் விழுந்தது. மேல் அடுக்கு துறைமுக வண்டிகளுக்கு. அது முடிந்தால் பெரும் பாரம் விலகும். மணலிக்கும் மாதவரத்துக்கும் போகும் பெட்டிகள் அப்போதும் இதே தெருக்களில்தான் வரும். அதனால் வண்டியிலேயே பாதுகாப்பு சரியாக இருக்க வேண்டும். டிரெய்லரின் பக்கவாட்டில் சக்கரங்களுக்கு நடுவே தடுப்புக் கம்பிகள் இருக்க வேண்டும் என்பது விதி. விழுந்தவர் சக்கரத்துக்கு அடியில் போகாமல் தடுப்பவை அவை. வளைந்தும் கழன்றும் தொங்கும் கம்பிகளோடு ஓடும் டிரெய்லர்களை எருக்கஞ்சேரி சாலையில் பார்க்கிறோம். தகுதிச் சான்று தரும்போது போக்குவரத்து அலுவலர்கள் குனிந்து பார்க்க வேண்டிய முதல் இடம் அந்தக் கம்பிகள்தான்.